தோமையார் கல்லறையும் இரண்டு தராசுகளும்

அபிராமபுரத்தில் எங்கள் வாசக வட்டம் கூடும் வீட்டின் மொட்டைமாடியிலிருந்து ஒரு காலத்தில் இரண்டு கோபுரங்கள் தெரியும் என்று வீட்டுக்கார நண்பர் அடிக்கடி சொல்வார். ஒன்று கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரம். மற்றது சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம். இப்போது இரண்டையும் அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகள் மறைத்துவிட்டன. இரண்டுக்கும் நடந்துபோகும் தூரத்தில் அமர்ந்துகொண்டுதான் மாதம் ஒருமுறை நாங்கள் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். எங்களில் கிறிஸ்தவர் உண்டு, சைவர் உண்டு, எந்தக் கடவுளிடமும் கணக்கு வைத்துக்கொள்ளாதவரும் உண்டு. சமய விவாதம் கூடாது என்பது எங்களுக்குள் எழுதப்படாத விதி. சென்ற தவக்காலத்தில் அந்த விதி உடைந்தது. உடைந்தது நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுவதால் இதை எழுதுகிறோம்.

நடந்தது இவ்வளவுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் கத்தோலிக்க நண்பர், வாட்ஸப்பில் தமக்கு வந்த காணொளி ஒன்றை மகிழ்ச்சியோடு எல்லோருக்கும் காட்டினார். துருக்கி மலைப்பகுதியில் நோவாவின் பேழை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றது அது. பகுத்தறிவாளரான இன்னொரு நண்பர் உடனே, "இயேசுவின் கல்லறையையே எலும்புப் பெட்டியோடு கண்டுபிடித்துவிட்டார்களே, அந்தப் படத்தை நீங்கள் பார்க்கவில்லையா சார்?" என்று கேட்டார். தலைமையாசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் பொய். அறிஞர்கள் எப்போதோ மறுத்துவிட்டார்கள்" என்றார். "உங்கள் பேழையை எந்த அறிஞர் ஏற்றுக்கொண்டார்?" என்று வந்தது பதில். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வட்டத்தின் மூத்த உறுப்பினரான அம்மையார் பகுத்தறிவு நண்பரைப் பார்த்து, "அந்தக் கல்லறைப் படத்தை நீங்கள் மட்டும் எதை வைத்து நம்பினீர்கள்?" என்று கேட்டார். அவரிடமும் பதில் இல்லை. படத்தைப் பார்த்திருந்தார், மறுப்புகளில் ஒன்றையும் படித்ததில்லை.

ஆக, அந்த அறையில் இரண்டு தராசுகள் இருந்தன. நமக்கு இனிக்கும் செய்தியை நிறுக்க ஒன்று, கசக்கும் செய்தியை நிறுக்க மற்றொன்று. இந்த இரட்டைத் தராசு எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த சில மாதங்கள் சேர்ந்து படித்தோம். படிக்கப் படிக்க, விவகாரம் எருசலேமில் தொடங்கி எங்கள் தெருக்கோடியில் வந்து நின்றது.

முதலில் எருசலேம். 1980இல் அந்நகரின் தல்பியோத் பகுதியில் குடியிருப்புக் கட்டுமானத்துக்காக நிலத்தைக் குடைந்தபோது, பாறையில் வெட்டிய பழைய கல்லறை ஒன்று வெளிப்பட்டது. உள்ளே பத்து எலும்புப் பெட்டிகள் இருந்தன. இறந்தவரின் உடல் மட்கியபின் எலும்புகளைத் திரட்டிச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் இடுவது முதல் நூற்றாண்டு யூதர்களிடையே இருந்த வழக்கம். பத்தில் ஆறு பெட்டிகளில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று யோசேப்பின் மகன் இயேசு என்று வாசிக்கப்பட்டது. மரியா, யோசே, மத்தேயு, இயேசுவின் மகன் யூதா என்றும் பெயர்கள் இருந்தன. அகழாய்வாளர்கள் பரபரப்படையவில்லை; அமோஸ் க்ளோனர் 1996இல் முறையான அறிக்கையை வெளியிட்டார். 2007 மார்ச்சில் சிம்கா யாக்கோபோவிச்சி இயக்க, 'டைட்டானிக்' புகழ் ஜேம்ஸ் காமரூன் தயாரித்த ஆவணப்படம் வெளிவந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. இது இயேசுவின் குடும்பக் கல்லறை. மகதலா மரியா அவர் மனைவி. யூதா அவர் மகன் என்று அந்தப் படம் வாதிட்டது. இது தற்செயலாக இருக்க முடியாது என்பதற்கு அறுநூற்றுக்கு ஒன்று என்று புள்ளியியல் கணக்கும் காட்டியது.

கணக்கு சரிதான், கணக்குக்குள் போட்ட அனுமானங்கள்தாம் சரியில்லை. அக்காலப் பாலஸ்தீன யூதப் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மரியா என்று பெயர். யோசேப்பும் இயேசுவும் ஆண்களிடையே மிகப் பரவலான பெயர்கள். மகதலா மரியாவின் பெட்டி என்று படம் காட்டியதில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அந்தக் கிரேக்க எழுத்துகளை மரியமே, மாரா என்று இரண்டு பெண்களின் பெயர்களாகவே வாசித்தார் ஸ்டீபன் ஃபான். மரபணுச் சோதனை நிறுவியது ஒன்றே ஒன்று: இரண்டு பெட்டிகளின் எச்சங்கள் தாய்வழி உறவினருடையவை அல்ல. உறவில்லை என்றால் கணவன் மனைவி என்று முடிவு கட்டியது படம். இதைத் தர்க்கம் என்றால், எங்கள் வட்டத்தில் கூடுகிறவர்களுக்குள் எத்தனையோ திருமணங்கள் நடந்திருக்க வேண்டும்!

இந்த மறுப்புகளை முன்வைத்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவத்தைக் காக்கப் புறப்பட்டவர்களல்லர். க்ளோனர் இஸ்ரேலியத் தொல்லியலாளர். நாசரேத்தைச் சேர்ந்த எளிய குடும்பத்துக்கு எருசலேமில் பாறைக் கல்லறை எப்படி வாய்த்திருக்கும் என்று கேட்ட ஜோடி மக்னஸும் கல்லறைக் கட்டிடங்களை ஆராயும் தொல்லியலாளரே. ஆனால் கிறிஸ்தவ மேடைகளில் எழுந்த எதிர்வினையில் இந்த வாதங்களைவிட உரக்க ஒலித்தது சதி என்ற சொல். உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு படம் வந்ததே சதிக்குச் சான்று என்றார்கள். சதியோ வியாபாரமோ, அது படமெடுத்தவரின் நோக்கம் பற்றிய பேச்சு. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு பேச்சு. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளிவிட முடியாது.

இதே உலகம் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். 2002 அக்டோபரில் இன்னொரு எலும்புப் பெட்டி அறிவிக்கப்பட்டது. யோசேப்பின் மகனும் இயேசுவின் சகோதரனுமான யாக்கோபு என்று அதில் அரமேயத்தில் எழுதியிருந்தது. எழுத்தை ஆராய்ந்து சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே லெமேர்; உலகுக்கு அறிவித்தது ஹெர்ஷல் ஷாங்க்ஸின் விவிலியத் தொல்லியல் இதழ். அடுத்த மாதமே டொராண்டோ அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது, மக்கள் திரண்டார்கள். இயேசு வாழ்ந்ததற்குக் கல்லில் சான்று கிடைத்துவிட்டது என்று மேடைகள் முழங்கின. அந்தப் பெட்டி எந்த அகழாய்வுக் குழியிலிருந்தும் வந்ததன்று. பழம்பொருள் சேகரிப்பாளர் ஓதேத் கோலானிடமிருந்து வந்தது. எங்கே தோண்டினார்கள், மண்ணில் கிடந்ததை யார் பார்த்தார்கள் என்று சதி பேசியவர்களில் எத்தனை பேர் அப்போது கேட்டார்கள்? 2003இல் இஸ்ரேல் தொல்லியல் துறை, எழுத்து போலி என்று அறிவித்தது. நீண்ட வழக்குக்குப் பின் 2012 மார்ச்சில் கோலான் போலி தயாரித்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். விடுவித்த நீதிபதியே, இந்தத் தீர்ப்பு எழுத்து உண்மையானது என்பதற்குச் சான்றாகாது என்று சேர்த்துச் சொன்னார். அந்தப் பெட்டி இன்றும் அந்த இரண்டுங்கெட்டான் நிலையிலேயே இருக்கிறது.

இதற்கு எதிராக 1961இல் செசரியாவில் கிடைத்த கல்லை வைத்துப் பாருங்கள். இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பொந்தியு பிலாத்துவின் பெயர் அதில் இருக்கிறது. இத்தாலிய அகழாய்வுக் குழு மண்ணிலிருந்து எடுத்தது; பிற்காலத்தில் படிக்கட்டுக்கு மறுபடி பயன்படுத்தப்பட்ட கல். யாரும் கூட்டம் போட்டு அறிவிக்கவில்லை. அதை நம்பச் சொல்லி யாரும் கெஞ்சவும் வேண்டியிருக்கவில்லை. கிடைத்த இடமும் கிடைத்த விதமும் தெரிந்த பொருள் தானே பேசும். விற்பனைக்கு வந்த பொருளுக்குத்தான் விளம்பரம் வேண்டியிருக்கிறது.

தலைமையாசிரியர் காட்டிய பேழைக்கும் ஒரு கதை உண்டு. துருபினார் என்ற அந்த இடத்தில் படகு வடிவில் மண்மேடு இருப்பது உண்மை. 1959இல் வான்வழிப் படத்தில் அதைக் கண்ட துருக்கி ராணுவ அதிகாரியின் பெயரே இடத்துக்கு வந்தது. 1970களிலிருந்து அதைப் பேழையென்று பரப்பியவர் ரான் வயட் என்ற அமெரிக்கர். அவர் செங்கடலில் பார்வோனின் தேர்ச்சக்கரங்களையும் எருசலேமில் உடன்படிக்கைப் பேழையையும்கூடக் கண்டதாகச் சொன்னார். எங்களை வியக்க வைத்தது வேறு செய்தி. இந்த உரிமைகோரலை 1992இல் வரி வரியாகப் பிரித்து, இது இயற்கையாக அமைந்த பாறைமேடு என்று எழுதியவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஸ்னெல்லிங் என்ற நிலவியலாளர். நோவா காலத்து வெள்ளத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர் அவர். அவருடைய நிலவியலை நாங்கள் ஏற்கவில்லை. ஆயினும் தாம் முழுமனதாக நம்பும் ஒன்றுக்குத் தவறான சான்று கொண்டுவந்தபோது அதை வேண்டாமென்று தள்ளிய நேர்மை அவரிடம் இருந்தது. இதைச் சொன்னதும் தலைமையாசிரியர், "அப்படியானால் நான் அனுப்பிய நாற்பது பேருக்கும் இதையும் அனுப்ப வேண்டும்" என்றார். அனுப்பவும் செய்தார். நாற்பதில் இரண்டு பேர் பதில் எழுதினார்கள்; இரண்டும் கோபமான பதில்கள்.

எருசலேமையும் அராராத்தையும் பற்றிப் பேசுவது எளிது. அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூருக்குப் பேச்சு வரும்போதுதான் குரல் தாழ்கிறது. விவிலியத்தில் வரும் ஒருவருடைய கல்லறை என்று உரிமை கோரப்படும் இடம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார், 72இல் மயிலையில் வேலால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றும் அம்மரபின் தலங்கள்.

இதில் சான்று எது, மரபு எது? தோமா இந்தியாவுக்கு வந்த கதையை விரித்துச் சொல்லும் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டில் எதெஸ்ஸா நகர்ச் சூழலில் சிரியாக் மொழியில் எழுந்தது என்பர். அதில் வரும் குந்தபோர் என்ற அரசன் வெறும் கற்பனை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் கோந்தோபரஸ் என்ற அரசனின் நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவனை முதல் நூற்றாண்டில் நிறுத்தியது. ஆகவே கதைக்குள் ஒரு மெய்யான பெயர் இருந்தது. அது அரசனை நிறுவுகிறது, தோமாவை நிறுவவில்லை. அதுவும் வடமேற்கில்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது ரோமானிய உலகோடு தமிழ்க் கரைக்கு இருந்த கடல் வாணிகம் மண்ணடுக்குகளில் தெளிந்தது. ஒருவர் அக்காலத்தில் இங்கே கப்பலில் வந்திருக்க முடியும் என்பதற்கு அது சான்று. வந்தார் என்பதற்கு அன்று.

கல்லறைக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையாரின் உடல் இங்கே ஒரு சிற்றூரில் இருப்பதாகவும், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அவ்விடத்தைப் போற்றியதாகவும், அங்கிருந்து எடுத்துச் செல்லும் செம்மண் காய்ச்சலைத் தீர்க்கும் என நம்பப்பட்டதாகவும் எழுதினார். ஆகவே போர்த்துகீசியர் வெறும் வெளியிலிருந்து இந்த மரபைப் படைத்தார்கள் என்பது சரியன்று. அவர்கள் வந்து 1523இல் அவ்விடத்தைத் தோண்டினார்கள். எலும்புகள், ஈட்டிமுனை, மண் நிரம்பிய கலம் ஆகியவை கிடைத்ததாகச் சாட்சியம் பதிவாயிற்று. வேலால் குத்தப்பட்டவரைத் தேடியவர்களுக்கு ஈட்டிமுனை கிடைத்தது. தேடுகிறவன் எதிர்பார்த்ததே கிடைக்கும்போது தொல்லியலாளன் இருமடங்கு எச்சரிக்கை கொள்வான். பக்தன் இருமடங்கு மகிழ்வான். அங்கே அன்று தொல்லியலாளன் ஒருவனும் இல்லை. மேலும், தோமையாரின் எலும்புகள் எதெஸ்ஸாவில் இருப்பதாக நான்காம் நூற்றாண்டிலேயே எப்ரேம் பாடினார். 1258 முதல் இத்தாலியின் ஒர்த்தோனா நகரும் அவற்றுக்கு உரிமை கொண்டாடுகிறது.

எங்களை மிகவும் தொட்டது பரங்கிமலைக் கல்தான். 1547இல் மலைமீது தேவாலயம் கட்ட அடித்தளம் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. சுற்றிலும் யாருக்கும் புரியாத எழுத்து. பண்டிதர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களைக் குறிக்கும் என்று கூறி, தோமையாரின் வருகையையும் சாவையும் அதிலிருந்து விரித்துச் சொன்னார். கேட்டவர்கள் விரும்பியதும் அதுவே. கல் வியர்த்தது, குருதி கசிந்தது என்ற செய்திகளும் பரவின. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து 1870களில் ஏ.சி. பர்னெல், அந்த எழுத்து பாரசீகத்தின் பழைய பஹ்லவி என்று காட்டினார். ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாக அது மதிப்பிடப்பட்டது. கோட்டயத்துப் பழைய தேவாலயத்திலும் இதே வாசகம் பொறித்த சிலுவைகள் உண்டு. பின்வந்த அறிஞர்கள் வாசிப்பில் வேறுபட்டாலும், ஏற்கப்படும் வாசிப்பு ஒன்றின் பொருள் மிக எளியது: இந்தச் சிலுவையோடு தொடர்புடைய ஒரு மனிதனின் பெயரும் அவன் தந்தையின் பெயரும் சொல்லி, கிறிஸ்துவே, இவன்மீது இரக்கம் கொள் என்பது.

இதைப் படித்த மாலையில் அறையில் நிலவிய அமைதியை எளிதில் மறக்க முடியாது. போர்த்துகீசியக் கப்பல்கள் வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் பாரசீக மொழியில் பிரார்த்தித்த கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வணிகரோ துறவியோ, வீட்டைவிட்டு வெகுதூரம் வந்த ஒருவன், தன் பெயரைக் கல்லில் விட்டு இரக்கம் வேண்டியிருக்கிறான். இது அகழ்ந்தெடுத்த மெய். ஆனால் தோமையாரைத் தேடியவர்களின் காதில் அவன் குரல் விழவில்லை. அவன் தனக்காகக் கேட்ட இரக்கத்தை மூன்று நூற்றாண்டுகள் வேறொருவரின் வரலாறாக வாசித்தார்கள். பரபரப்பான உரிமைகோரல் செய்யும் பெரிய தீங்கு இதுவே என்று நினைக்கிறோம். பொய்யைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. அவ்விடத்தில் உண்மையிலேயே இருந்தவரை அழித்துவிடுகிறது. தல்பியோத்திலும் ஒரு குடும்பம் இருந்தது. மரியா, மாரா, யோசே என்று பெயர் தாங்கி, ஒருவருக்கொருவர் எலும்பு திரட்டிப் பெட்டியிலிட்ட மனிதர்கள். அவர்களைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. அவர்கள் வேறு யாராகவோ இருக்க வேண்டும் என்பதிலேயே எல்லோருக்கும் அக்கறை.

இனி, கசப்பான அத்தியாயம் ஒன்று. 1965 முதல் 1987 வரை சென்னை மயிலைப் பேராயராக இருந்த அருளப்பா தமிழ்ப் புலமை மிக்கவர். தோமையாரும் திருவள்ளுவரும் மயிலையில் சந்தித்திருக்கக் கூடும், குறளில் கிறிஸ்தவத் தாக்கம் உண்டு என்ற கருத்தில் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. 1970களில் ஒருவர் அவரை அணுகி, இதற்கு ஓலைச்சுவடியிலும் செப்பேட்டிலும் சான்று தேடித் தருவதாகச் சொன்னார். ஆராய்ச்சிக்கென்று லட்சக்கணக்கில் பணம் கைமாறியது. வந்தவை புகைப்படங்கள், மூலங்கள் வரவில்லை. கடைசியில் அனைத்தும் மோசடி என்று தெரிந்து விவகாரம் காவல்துறைக்குப் போயிற்று. 1986இல் சென்னை நீதிமன்றம் அந்நபருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' இதழ் கதையை விரிவாக வெளியிட்டது.

பேராயரை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. ஏமாற்றப்பட்டவர் அவர். கற்றவர், தமிழை நேசித்தவர், தம் சமயத்துக்கும் தம் மொழிக்கும் இடையே பாலம் காண ஆசைப்பட்டவர். அந்த ஆசையே அவரை ஏமாற்றியவனின் மூலதனம். நாம் மிகவும் விரும்பும் சான்றைத்தான் போலி செய்பவன் கொண்டுவருவான். 2012இல் ஹார்வர்ட் பேராசிரியர் கரேன் கிங், 'இயேசுவின் மனைவி' என்ற சொற்றொடர் உள்ள பாப்பிரஸ் துண்டை அறிவித்ததும் இப்படியே முடிந்தது. ஆரியல் சாபர் என்ற பத்திரிகையாளர் 2016இல் அதன் உரிமையாளரின் பின்னணியைத் தோண்டி வெளியிட்டபின், அது போலியாகவே இருக்கக்கூடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மயிலைப் பேராயருக்கும் ஹார்வர்ட் பேராசிரியருக்கும் நம்பிக்கைகள் நேரெதிர். சறுக்கிய இடம் ஒன்று.

கசக்கும் செய்தி வந்தபோது நம் ஊரில் என்ன நடந்தது? 2006 ஜூனில் 'டாவின்சி கோட்' திரைப்படத்துக்குத் தமிழக அரசு தடை விதித்தது. கிறிஸ்தவ அமைப்புகளின் எதிர்ப்பு அதற்குப் பின்னணி. அது தொல்லியலன்று, புனைகதை. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தீர்ப்பளித்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். படம் வந்தது, போனது. எந்தத் தேவாலயத்திலும் திருப்பலி நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் தம் உரையில், தோமா மேற்கிந்தியா வரை சென்றார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவை அடைந்தது என்ற பொருளில் பேசினார். கேரளத்தில் அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. போப்பே ஆனாலும் நம் தராசில் எடை குறைந்தால் ஏற்க மாட்டோம் என்பது சுவையான நிலைதான். அந்தச் சுதந்திரத்தை ஓலைச்சுவடிக்காரரிடமும் காட்டியிருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

ஒரே தராசைப் பிடிக்கக் கிறிஸ்தவர்கள் வெளியிலிருந்து யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டிலேயே அந்த மரபு இருக்கிறது. 1643 முதல் புனிதர் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்ட பொல்லாந்தியர் என்ற ஏசுசபை அறிஞர்கள், புனைவையும் வரலாற்றையும் பிரிப்பதையே தவமாகக் கொண்டார்கள். அவர்களில் ஒருவரான தானியேல் பாப்பெப்ரோக், கார்மேல் துறவறச் சபையை நிறுவியவர் எலியா இறைவாக்கினர் என்ற உரிமைகோரலுக்கு வரலாற்று ஆதாரமில்லை என்று எழுதினார். 1695இல் ஸ்பானிய விசாரணை மன்றம் அந்நூல்களைக் கண்டனம் செய்தது. தடை நீங்க 1715 ஆயிற்று. அதற்குள் அவர் இறந்துவிட்டார். கார்மேல் சபை இன்றும் இருக்கிறது; எலியாவைப் போற்றவும் செய்கிறது. வரலாற்று உரிமையை விட்டபின் பக்தி குறைந்துவிடவில்லை.

மயிலைக்கும் அத்தகையோர் வாய்த்திருக்கிறார்கள். ஏசுசபைத் துறவி ஹோஸ்டன் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சாந்தோம், மயிலைப் பகுதியின் பழம்பொருள்களைத் தேடிப் பதிவு செய்தபோது, தமக்கு உவந்த சிலுவைக் கற்களோடு தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளையும் கோயில் சிற்பங்களையும் மறைக்காமல் சேர்த்தே எழுதினார். கடற்கரையில் பழைய கோயில் இருந்தது என்று வாதிடுவோர்க்கு அப்பதிவுகள் உதவும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இன்னொரு ஏசுசபை வரலாற்றாசிரியரான ஹென்றி ஹெராஸ், மயிலைக் கல்லறை பற்றிய போர்த்துகீசியச் சான்றுகளை வெளிப்படையாக ஐயுற்றார். இருவரும் சாகும்வரை துறவிகளே.

எதிர்த்தரப்பின் தராசையும் சொல்லாமல் விட்டால் நாங்களும் இரட்டைத் தராசுக்காரர்களாகிவிடுவோம். தோமையார் கதை முழுவதும் போர்த்துகீசியப் புனைவு என்போர் மார்க்கோ போலோவையும் பஹ்லவிச் சிலுவையையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தம் பக்கக் கோயில் மரபுக்கு அரைத் துண்டுக் கல்வெட்டு போதும் என்பவர்கள், அடுத்தவர் மரபுக்கு மட்டும் எலும்பின் மரபணுவைக் கேட்கிறார்கள். அரசியலும் இதில் புகுந்து வெகுகாலமாயிற்று. யார் வீட்டுக் கற்பனை பெரிது என்ற போட்டியில் அண்டை வீட்டார் பகைவராகிறார்கள்.

தலைமையாசிரியர் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நாணயமாகாது. "இதெல்லாம் படித்தவர்கள் பேசுவது. என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். அங்கே தோமையார் இல்லாமலும் இருக்கலாம் என்று அவளிடம் நான் சொல்லியிருக்க முடியுமா?" என்றார். நெடுநேரம் யோசித்தோம். அவர் அம்மாவிடம் அதைச் சொல்லத் தேவையிருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் யாரிடமும் உரிமை கோரவில்லை. ஒரு மரபுக்குள் நின்று வேண்டிக்கொண்டார். கபாலி கோயில் குளக்கரையில் விளக்கேற்றும் அம்மாளிடம் நாம் கல்வெட்டுச் சான்று கேட்பதில்லையே. ஆனால் மேடையேறி இது நிரூபிக்கப்பட்ட வரலாறு என்று சொல்பவரிடம் கேட்கலாம், கேட்கவே வேண்டும். வேண்டுதலுக்குச் சான்று தேவையில்லை. உரிமைகோரலுக்குத் தேவை.

எனவே எங்கள் கருத்து இது. சாந்தோமைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள் மூன்றைப் பிரித்துச் சொல்லலாம். தோமையார் இங்கே இறந்தார் என்பது எங்கள் நெடுங்கால மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்விடம் அவர் பெயரால் போற்றப்பட்டது என்பதற்குப் பயணக்குறிப்பு உண்டு. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளிலேயே இப்பகுதியில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கல் சான்று உண்டு. முதலாவதை மூன்றாவதன் உறுதியோடு சொல்லாதிருந்தால் போதும். அடுத்த தடவை யாராவது எலும்புப் பெட்டியோடோ ஓலைச்சுவடியோடோ வந்தால், அது இனித்தாலும் கசந்தாலும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். எங்கே கிடைத்தது? மண்ணில் கிடந்ததை யார் பார்த்தார்? மூலம் எங்கே? வேறு யார் வாசித்தார்?

இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என்பவர்களுக்கு நினைவூட்ட ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் கண்டதாகச் சொன்னபோதும், காயத்தில் விரல் இட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். அவரை அவருடைய ஆண்டவர் கூட்டத்திலிருந்து வெளியேற்றவில்லை. கையை நீட்டு என்றார். பரங்கிமலையும் சின்னமலையும் சாந்தோமும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

சென்ற மாதக் கூட்டம் முடிந்து தலைமையாசிரியரும் பகுத்தறிவு நண்பரும் ஒரே ஆட்டோவில் பரங்கிமலைக்குப் போனார்கள். சிலுவைக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். "நீங்கள் வேண்டிக்கொண்டீர்களா சார்?" என்று கேட்டோம். "ஆமாம், அந்தப் பாரசீகனுக்காக. அவன் கேட்டது அதைத்தானே" என்றார்.